பழைய ஹார்ட் டிஸ்க்கும் பாமினி எழுத்தும்

இந்த வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா ஒரு வேலை சொன்னார். "ஏண்டா தம்பி, நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே? மச்சு ரூம்ல நம்ம பழைய பெட்டி கிடக்கு. அதைக் கொஞ்சம் பாரேன்."

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் டெவலப்பர். பொறியியல் படித்து முடித்து ஆறு வருடமாகிறது. நாள் முழுக்கச் செய்வது ஜாவா புரோகிராம் எழுதுவதும், எழுதியதில் உள்ள தவறுகளைத் தேடுவதும்தான். ஆனால் உறவுக்காரர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. பிரிண்டர் ஓடவில்லை என்றாலும் நான்தான், செட்டாப் பாக்ஸில் படம் வரவில்லை என்றாலும் நான்தான். உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அப்படி ஏதோ ஒரு சில்லறை வேலை என்று நினைத்துத்தான் மாடிக்குப் போனேன். வேலை முடிய ஏழு வாரம் ஆயிற்று.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். ஊருக்கு ஒரு கண்மாய், அதற்கு மூன்று மடைகள். மழை நன்றாகப் பெய்து கண்மாய் பெருகிய வருடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். தை மாதம் தண்ணீர் குறைந்து, பயிர் பால் பிடிக்கிற நேரத்தில்தான் 'முறை' வரும். எந்தச் செய்க்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்ற கணக்கு அது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். முறை ஆளுக்கு அல்ல, செய்க்கு. நிலம் கைமாறினாலும் செய்யின் பெயரும் நாழிகையும் மாறாது.

இந்தக் கணக்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா, 2002-ல் அதை முழுக்கக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஒற்றை விரலால், ராத்திரி ராத்திரியாக. நோட்டைப் பிறகு கரையான் தின்றுவிட்டது. பிரிண்ட் எடுத்த ஒரே காப்பி கைமாறிக் கைமாறி எங்கோ போய்விட்டது. நடுவில் பல வருடம் கண்மாய் சரியாகப் பெருகாததால் யாரும் தேடவும் இல்லை. இந்த வருடம் தண்ணீர் வந்தது, கூடவே சண்டையும் வந்தது. எங்கள் செய்க்கு ஆறு நாழிகை என்று சித்தப்பா சொல்கிறார். பக்கத்துக் குடும்பம் இல்லை என்கிறது. யாரிடமும் எழுத்தில் இல்லை. இருக்கிற ஒரே எழுத்து அந்த மச்சு ரூம் பெட்டிக்குள் இருக்கிறது.

<b>நான் செய்த முதல் தவறு</b>

பெட்டி ஒரு பென்டியம் 3. 64 எம்.பி. ராம், 20 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. ஸ்விட்சைப் போட்டதும் மின்விசிறி சுற்றியது, திரை வரவில்லை. உள்ளே டிஸ்க் மட்டும் 'டிக்... டிக்...' என்றது. இந்தச் சத்தத்தை நீங்கள் எப்போதாவது கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். டிஸ்க்கின் ஹெட் தடத்தைத் தேடித் தேடித் திரும்புகிற சத்தம் அது. ஒவ்வொரு டிக்கும் ஒரு நாள் ஆயுளைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டிஸ்க்கைக் கழற்றிச் சென்னைக்குக் கொண்டு வந்தேன். இப்போதைய லேப்டாப்பில் அதை நேரடியாகச் செருக முடியாது. அது 40 பின் கொண்ட பழைய ஐ.டி.இ. வகை. ஐ.டி.இ.-யிலிருந்து யு.எஸ்.பி.-க்கு மாற்றும் அடாப்டர் ரிச்சி தெருவில் கிடைத்தது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் மின்சாரமும் வேண்டும். அதை யு.எஸ்.பி. ஒயர் தராது. தனி பவர் சப்ளையுடன் வரும் அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். டிஸ்க்கின் பின்பக்கம் உள்ள ஜம்பரை 'மாஸ்டர்' நிலையில் வைக்க வேண்டும்.

இரண்டாவது முயற்சியில் லேப்டாப் டிஸ்க்கை அடையாளம் கண்டுகொண்டது. கண்மாய் என்ற போல்டரில் 41 வேர்டு பைல்கள் பெயருடன் தெரிந்தன. சந்தோஷத்தில் ஒன்றைத் திறக்கப் போனேன். அப்போது விண்டோஸ் 11 ஒரு செய்தி காட்டியது. இந்த டிரைவில் பிரச்சினை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரி செய்யவா என்று. சரி செய் என்று கிளிக் செய்தேன்.

தொழிலே இதுதான் என்று இருப்பவன் செய்யக் கூடாத காரியம். அன்று செய்தேன்.

ஸ்கேன் முடிந்தபோது பிழைகள் சரி செய்யப்பட்டன என்ற செய்தி வந்தது. போல்டரைத் திறந்தால் 41-க்குப் பதில் 29 பைல்கள். புதிதாக 'பவுண்ட்.000' என்று ஒரு போல்டர் முளைத்திருந்தது. அதற்குள் பெயரில்லாத 17 துண்டுகள், எல்லாம் 'சி.எச்.கே.' என்ற பின்னொட்டுடன்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து டிஸ்க்குகள் பேட் 32 என்ற முறையில் பைல்களை வைத்திருந்தன. எந்தப் பைலின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. அதில் சில இடங்கள் படிக்க முடியாமல் போயிருந்தன. ஸ்கேன் செய்யும் புரோகிராமின் நோக்கம் அட்டவணையை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது. உங்கள் கடிதத்தைக் காப்பாற்றுவது அல்ல. பொருந்தாத துண்டுகளை வெட்டி ஓரமாக வைத்துவிட்டு, இப்போது எல்லாம் சரி என்று சொல்லிவிட்டது. அதன் கணக்குப்படி சரிதான். போதாததற்கு, சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மேலேயே எழுதியும் வைத்துவிட்டது.

பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பன்னெண்டு போச்சா?" என்றார். "இன்னும் போகலை பெரியப்பா, தேடிட்டு இருக்கேன்" என்றேன்.

<b>முதலில் பிரதி, பிறகுதான் மற்றதெல்லாம்</b>

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன். டிஸ்க்கில் உள்ள பைல்களைப் பற்றிக் கவலைப்படாமல், முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை அப்படியே ஒரே பைலாக நகல் எடுப்பது. இதை 'டிஸ்க் இமேஜ்' என்பார்கள். இமேஜ் கையில் இருந்தால் அதன் மேல் எத்தனை பரிசோதனை வேண்டுமானாலும் செய்யலாம். அசல் டிஸ்க்கை மறுபடி தொட வேண்டியதில்லை.

இதற்கு குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. லினக்ஸில் ஓடும். உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்துகொண்டேன். பழைய டிஸ்க்கைச் செருகியதும் அது தானாகத் திறந்துகொண்டால் உடனே 'அன்மவுண்ட்' செய்துவிடுங்கள்.

சாதாரண காப்பி புரோகிராம் படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ அப்படி இல்லை. கெட்ட இடம் வந்தால் தாண்டிக் குதித்து, முதலில் நல்ல இடங்களையெல்லாம் அள்ளிக்கொள்ளும். பிறகு விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து, எதிர்த் திசையிலிருந்தும் படித்துப் பார்க்கும். எதுவரை எடுத்தோம், எது பாக்கி என்பதை ஒரு தனிப் பைலில் குறித்து வைத்துக்கொள்ளும். அதனால் நடுவில் நிறுத்தி, டிஸ்க்கை ஆற வைத்து, மறுபடி விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

ஒரே ஓர் ஆபத்து உண்டு. எந்த டிஸ்க்கிலிருந்து எந்த இடத்துக்கு என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால் லேப்டாப்பின் டிஸ்க் காலி. பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள். 20 ஜி.பி. என்று விற்ற டிஸ்க்கை லினக்ஸ் 18.6 என்று காட்டும். பயப்பட வேண்டாம். விற்றவர்கள் ஆயிரத்தால் வகுத்தார்கள், லினக்ஸ் 1024-ஆல் வகுக்கிறது.

20 ஜி.பி. என்றால் 512 பைட் கொண்ட செக்டார்கள் சுமார் 3 கோடியே 90 லட்சம். முதல் சுற்று நாற்பது நிமிடத்தில் முடிந்தது. மிச்சம் இருந்த கொஞ்சத்துக்கு ராத்திரி முழுக்க ஆயிற்று. டேபிள் பேனை டிஸ்க்கின் மேல் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தபோது படிக்க முடியாமல் மிஞ்சியது 148 கே.பி., அதாவது 296 செக்டார்கள். மூன்று கோடியே தொண்ணூறு லட்சத்தில் 296. அது கண்மாய் போல்டரில் விழாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

இமேஜுக்கு இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, மற்றதைப் 'படிக்க மட்டும்' என்ற முறையில் திறந்தேன். அக்கால டிஸ்க்குகளில் முதல் பார்ட்டிஷன் பெரும்பாலும் 63-ம் செக்டாரில் தொடங்கும். 63-ஐ 512-ஆல் பெருக்கினால் 32,256. இமேஜைத் திறக்கும்போது அந்த இடத்திலிருந்து ஆரம்பி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது. டிஸ்க் காலி என்று நினைத்து விட்டுவிடுவீர்கள்.

காணாமல் போன 12 பைல்களைத் தேடுவது அடுத்த வேலை. பழைய வேர்டு பைல் எதுவாக இருந்தாலும் அதன் முதல் நான்கு பைட்டுகளை ஹெக்ஸா எண்ணில் பார்த்தால் டி0, சி.எஃப்., 11, ஈ0 என்று இருக்கும். ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, ஒன்றை 'ஐ' ஆகவும் 'எல்' ஆகவும் பாவித்துப் படித்தால் 'டாக்ஃபைல்' என்று வரும். யாரோ ஒரு புரோகிராமரின் குறும்பு. அந்த 17 துண்டுகளில் பத்து இந்தக் குறியுடன் தொடங்கின. பின்னொட்டை மாற்றித் திறந்ததும் ஒன்பது முழுசாக வந்துவிட்டன. போட்டோரெக் என்ற புரோகிராமை இமேஜ் முழுக்க ஓடவிட்டதில் இன்னொன்றின் பழைய பிரதி கிடைத்தது. மொத்தம் 39. வராத இரண்டில் ஒன்று யாருடைய கல்யாணத்துக்கோ எழுதிய மளிகைச் சாமான் பட்டியல். மற்றது கீழமடைக் கணக்கின் கடைசிப் பக்கம்.

<b>தமிழ் மாதிரி தெரியும், தமிழ் இல்லை</b>

பைல் கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. அந்தக் காலத்தில் தமிழ் டைப் செய்தவர்களுக்கு இது உடனே புரியும். பெரியப்பா பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார், என் லேப்டாப்பில் பாமினி இல்லை.

இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம். தமிழுக்கு யூனிகோடில் 1991-லேயே இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் விண்டோஸில் அது வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000-ல்தான். விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு எழுத்துருதான் கதி. பாமினியில் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று வரிசையாகச் சிறிய எழுத்தில் அடித்தால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டது மாதிரி. எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். ஆனால் தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது, செல்போனில் அனுப்பினால் எதிரில் இருப்பவருக்கு வெறும் குப்பைதான் போகும். ஊரில் எல்லாரும் அவரவர் செல்லில் பார்க்க வேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

இணையத்தில் கன்வெர்ட்டர்கள் நிறைய இருக்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். 'வெள்ளைச்செய்' என்பது 'வௌ்ளைச்செய்' என்று வந்தது. 'வெளி' என்பது 'வௌி' ஆனது. இந்தப் பிழையை நீங்களும் சில இணையச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். காரணம் எளிது. பாமினியில் 'ஔ' வரிசைக்குத் தனிக் குறி இல்லை. கொம்பு, எழுத்து, அடுத்து 'ள' என்ற மூன்றையும் அடுத்தடுத்து அடித்தால் அதுவே 'கௌ', அதுவே 'கெள'. பார்ப்பதற்கு ஒன்றுதான். கன்வெர்ட்டர் மூன்றையும் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு 'ஔ' என்று முடிவு கட்டிவிடுகிறது.

பேசாமல் நானே பைத்தானில் ஒன்று எழுதினேன். 'ள'-வுக்கு அடுத்து புள்ளியோ, கொக்கியோ, காலோ வந்தால் அது நிச்சயமாக 'ள'தான். எதுவும் வரவில்லை என்றால் மட்டும் கௌரி, சௌந்தரம், பௌர்ணமி என்று ஒரு சின்னப் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார். இவ்வளவுதான் விதி. எங்கள் ஊரில் 'வௌவால் புளி' என்று ஒரு செய் இருக்கிறது, அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அடுத்த தொல்லை, கணக்குக்கு நடுவே சர்வே எண்ணும் ஆங்கிலச் சொற்களும் வேறு எழுத்துருவில் கலந்திருந்தன. வெறும் எழுத்தாக எடுத்தால் ஆங்கிலச் சொல்லும் தமிழாகிவிடுகிறது. ஆகவே லிப்ரே ஆபீஸ் மூலம் பைல்களைப் புதிய வேர்டு வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் என்ன எழுத்துரு என்று கேட்டு, பாமினி என்றால் மட்டும் மாற்றச் சொன்னேன். பாதித் துண்டுகள் எழுத்துருவே இல்லை என்றன. ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். பெரியப்பா சில பைல்களில் ஸ்டைலையே பாமினி என்று வைத்திருந்திருக்கிறார், ஆகவே துண்டில் ஒன்றும் இல்லை, ஸ்டைலைப் போய்ப் பார்க்க வேண்டும். நல்ல ஆசிரியர், ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்.

என் அவசரத்தால் வந்த கூத்து ஒன்று. கணக்கை அட்டவணையாகப் பார்க்கும் ஆசையில், மாற்றுவதற்கு முன்பே கமாவால் பிரிக்கும் பைலாக்கி எக்செலில் திறந்தேன். இருளாயிசெய், இலந்தைச்செய் என்ற வரிகளெல்லாம் தலையில்லாமல் நின்றன. முதல் கட்டம் காலி, அடுத்த கட்டத்தில் 'ருளாயிசெய்'. பாமினியில் கமா விசைதான் 'இ'. எக்செல் ஒவ்வொரு 'இ'-யிலும் வெட்டித் தள்ளியிருக்கிறது. சிரித்துவிட்டு, கமாவுக்குப் பதில் டேப் குறி போட்டேன்.

<b>எங்கள் செய் எங்கே?</b>

எல்லாம் மாறி முடிந்து 612 வரிகள் வந்தன. செய்யின் பெயர், நாழிகை, நான்கு எல்லைகள். சித்தப்பாவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். ஐந்தாவது நிமிடம் போன் வந்தது.

"டேய், நம்ம கட்டைச்செய்யே இதுல இல்லையேடா!"

எங்கள் செய்யின் பெயர் கட்டைச்செய். பக்கத்துக் குடும்பத்தின் செய் குட்டைச்செய். நடுமடைப் பகுதியில் தேடினால் குட்டைச்செய் என்று இரண்டு வரிகள் இருந்தன. ஒன்றுக்கு ஆறு நாழிகை, மற்றதற்கு நான்கு. வரியின் முதல் சொல்லாகக் கட்டைச்செய் எங்குமே இல்லை.

என் புரோகிராமில்தான் தவறு என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். 'க'-வுக்கும் 'கு'-வுக்கும் குழப்பம் வர வழியே இல்லை. கடைசியில் பழைய பைலையே பாமினி எழுத்துருவில் திறந்தேன். அதிலும் குட்டைச்செய் என்றே இருந்தது. ஆக, 2002-லேயே அப்படித்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. பெரியப்பாவிடம் கேட்டேன்.

"நான் ஏன்டா கட்டையைக் குட்டைன்னு அடிக்கப்போறேன்? அந்தச் சனியன் ஆரம்பத்துல எல்லாத்தையும் அப்படித்தான் மாத்திச்சு. வைரவன்னு அடிச்சா ஐவரவன்னு வரும். திருத்தித் திருத்திக் கை ஓஞ்சு போச்சு. அப்புறம் ஒரு பையன் வந்து ஏதோ ஒரு டிக்கை எடுத்துவிட்டுப் போனான். நின்னுருச்சு."

எனக்குப் பளிச்சென்றது. வேர்டில் ஆட்டோகரெக்ட் என்ற வசதி உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைச் சிறிய எழுத்தில் அடித்தால் தானாகப் பெரிய எழுத்தாக்கும். ஆங்கிலத்துக்கு அது உதவி. பாமினியிலோ சிறிய எழுத்து 'க', அதன் பெரிய எழுத்து 'கு'. 'ம' என்றால் 'மு', 'ப' என்றால் 'பு', 'அ' என்றால் 'ஆ'. கொம்பு இரட்டைக்கொம்பாகும். வைரவனின் முன்னால் நிற்கும் 'ை' பெரிய எழுத்தாகி 'ஐ' ஆகும். வேர்டுக்குத் தெரிந்தது ஆங்கிலம் மட்டும்தான், முகமூடி அதற்குத் தெரியாது.

ஐவரவன் என்று வந்தால் கண்ணில் படும், திருத்திவிடுவார். பரமன்செய் 'புரமன்செய்' ஆனாலும் அப்படியே. ஆனால் 'கட்டை' மாறி 'குட்டை' ஆனால்? அதுவும் ஒரு சொல்தானே, அதே பெயரில் ஒரு செய் பக்கத்திலேயே இருக்கிறது. கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். அர்த்தமில்லாமல் விழுந்த பிழையெல்லாம் அவரிடம் மாட்டிக்கொண்டது. அர்த்தத்தோடு விழுந்தது 20 வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது.

பிழை எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்கே இருக்கும் என்றும் தெரியும். வரியின் முதல் எழுத்தில் மட்டும்தான் இருக்க முடியும். பெரிய எழுத்தில் தொடங்கும் வரிகளை மட்டும் எடு என்றேன். 612-ல் 74 வந்தன. அவற்றைச் சிறிய எழுத்தாக மாற்றிப் பார்த்தால் ஆலமரம் 'அலமரம்' ஆகும், புளியடி 'பளியடி' ஆகும். அதாவது இருப்பதுதான் சரி. இப்படி 63 வரிகள் கழிந்தன. இரண்டு விதமாகப் படித்தாலும் பொருள் வருவன 11.

அந்த 11-ஐயும் எந்தப் புரோகிராமும் தீர்க்காது. ஆனால் கணக்கிலேயே சாட்சி இருந்தது. ஒவ்வொரு வரியிலும் நான்கு எல்லைகள் எழுதியிருக்கிறதல்லவா? அவை வரியின் நடுவில் வருபவை. ஆட்டோகரெக்ட் அங்கே கை வைத்திருக்காது. ஆத்தியடிச்செய் என்று தொடங்கிய ஒரு வரியை அண்டைச் செய்யின் எல்லையில் பார்த்தால் அத்தியடி என்று இருந்தது. முடக்குச்செய் என்பது மடக்குச்செய். இப்படி மூன்று தவறுகள் வெளிப்பட்டன. மூன்றாவது எங்களுடையது.

ஆறு நாழிகை உள்ள குட்டைச்செய்க்கு வடக்கே ஊருணிக்கரை. நான்கு நாழிகை உள்ள குட்டைச்செய்க்கு வடக்கே வைரவன்செய். வைரவன்செய்யின் வரியை எடுத்துப் பார்த்தேன். 'தெற்கே கட்டைச்செய்' என்று தெளிவாக இருந்தது.

அப்படியானால் கட்டைச்செய்க்கு நான்கு நாழிகை. ஆறு அல்ல. 48 நிமிடத் தண்ணீர் குறைகிறது. நம் குடும்பத்துக்கு.

ராத்திரி பதினோரு மணிக்கு அந்த இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த பைலைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு வரியிலும் குட்டைச்செய் என்றே அசலில் இருக்கிறது, எதைக் கட்டை என்று திருத்தினாலும் ஊரில் யாரும் கேட்கப்போவதில்லை. இதை மறைத்து எழுதுவானேன், அந்த எண்ணம் வந்தது. காலையில் முதல் வேலையாகப் பெரியப்பாவைக் கூப்பிட்டு எல்லைகளை வாசித்துக் காட்டினேன். அவர் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"வைரவன்செய்க்குத் தெற்கே நம்மதுதான். அப்ப நாலுதான்டா. சித்தப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ அப்படியே அச்சடிச்சு எடுத்துட்டு வா."

"ஞாபகத்துல எத்தனைன்னு இருக்கு பெரியப்பா?"

"ஞாபகத்தை வச்சுத்தானே இவ்வளவு சண்டையும்."

மாசியில் மூன்று பிரிண்ட் எடுத்துப் போனேன். மூன்று தவறுகளையும் திருத்திய விவரத்தைத் தனித்தாளில் எழுதி, அசலில் என்ன இருந்தது, ஏன் மாற்றினேன் என்பதையும் சேர்த்து வைத்தேன். யூனிகோட் பைலும் பழைய வேர்டு பைல்களும் டிஸ்க் இமேஜும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று என்னிடம், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று பெரியப்பாவின் பீரோவில் பென் டிரைவில். சித்தப்பா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் அவருடைய செல்போனில் சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டு வந்தார்.

கீழமடையின் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. பெரியப்பாவும் பழைய நீர்ப்பாய்ச்சியும் மடையோரமாக நடந்து போய், செய் செய்யாகப் பார்த்து, அண்டை வரிகளில் இருந்த எல்லைகளுடன் ஒப்பிட்டு, 18 வரிகளைக் கையால் எழுதி வந்தார்கள். நான் அடிக்கிறேன் என்றால் பெரியப்பா கேட்கவில்லை, தானே அடிப்பேன் என்றார். அவர் விரலுக்குப் பழகியது பாமினி விசைகள்தான். பாமினி முறையிலேயே அடித்து யூனிகோடாகப் பெறும் புரோகிராம்கள் இருக்கின்றன, ஒன்றை என் லேப்டாப்பில் நிறுவிக் கொடுத்தேன்.

ஒற்றை விரலை கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார். "அந்த டிக்கை எடுத்துட்டியா?"

யூனிகோடில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது, அந்தத் தொல்லையே வராது என்று விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"எதுக்கும் எடுத்துரு."

எடுத்துவிட்டேன்.